எந்தச் சட்டை?

இடது கையில் நீலக் கட்டம், வலது கையில் காப்பி நிறம். சலவை அக்கா இரண்டு சட்டைகளையும் டிரைவர் ஐயாவின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "எதுங்கய்யா?" என்றாள். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் நீலத்தைப் பார்த்தார், காப்பி நிறத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி நீலத்துக்கு வந்தார். அக்காவுக்குத் தோள் வலித்தது, கை இறங்கவில்லை. கடைசியில் அவருடைய இடது கை காப்பி நிறத்தின் பக்கம் நீண்டது. "அதானே பாத்தேன்! நீலத்துக்கெல்லாம் மசியற ஆளா நீங்க?" என்றபடி அதைப் போட்டுவிட்டாள்.

அந்த முதியோர் இல்லத்தில் அறுபது கட்டில்கள். சலவை அறை கீழ்த்தளத்தில், சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு இயந்திரங்களில் ஒன்று, துணி பிழியும்போது குதித்துக் குதித்துக் கதவுவரை வந்துவிடும். அக்கா இடுப்பால் முட்டுக்கொடுத்துக்கொண்டே சட்டை மடிப்பாள். வயது ஐம்பத்திரண்டு. கழுத்துப்பட்டியில் எப்போதும் துணி கிளிப்புகள் தொங்கும். மறக்கக் கூடாத வேலை ஒன்றுக்கு ஒரு கிளிப். வேலை முடிந்தால் கிளிப் கூடைக்குப் போய்விடும். காலையில் முள்ளம்பன்றி போலத் திரிபவள் மாலையில் வெறும் கழுத்தோடு வீட்டுக்குக் கிளம்புவாள். "பேப்பர்ல எழுதி வெச்சா அதையும் சேத்துத் துவைச்சிடறேன், என்ன பண்ண?" என்பாள்.

அறுபது பேருடைய துணிகளிலும் உள்பக்கம் நூலால் ஓர் அடையாளம் தைத்திருக்கிறாள். ஒருவர் பனியன் இன்னொருவர் உடம்பில் ஏறாது. "சுத்தமாத்தானே இருக்கு, யாரோடதா இருந்தா என்னக்கா?" என்று கேட்கும் ஊழியர்களோடு அவள் மல்லுக்கு நிற்பதில்லை. வகுப்பு வரட்டும் என்று விட்டுவிடுவாள்.

புதிதாக வேலையில் சேருபவர்களுக்கு மனித உரிமை பற்றி ஒரு மணி நேரம் சொல்லித்தர வேண்டும் என்று விதி. தலைமை நர்ஸுக்கு நேரம் கிடைக்காத ஒரு நாளில் மேலாளர் அச்சடித்த தாளை அக்காவின் கையில் திணித்தார். "மொத்தம் முப்பது உரிமை இருக்கு. படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கிடுங்க, போதும்." அன்றிலிருந்து வகுப்பு அவளுடையதாகிவிட்டது. மேலாளர் ஒரு நாளும் அதில் உட்கார்ந்ததில்லை.

"தரை இப்பதான் துடைச்சிருக்கு, செருப்பை வெளிய விட்டுட்டு வாங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். தாளை ஆளுக்குக் கொஞ்சமாக வாசிக்கச் சொல்வாள். வாசிப்பார்கள், தலையாட்டுவார்கள், கொட்டாவி விடுவார்கள். அதற்குள் அக்கா வெளியே போய்ச் செருப்புகளை அளவு பார்த்து மாற்றி வைத்திருப்பாள். வகுப்பு முடிந்ததும் அவளே எடுத்து நீட்டுவாள்.

ஒரு தடவை, ஹோட்டல் சமையல்காரராக இருந்து வந்த ஒருவர் குதித்தார்.

"இது என் செருப்பு இல்லக்கா."

"அளவு சரியா இருக்கா?"

"அளவு சரிதான், ஆனா என்னுது இல்லையே!"

"தொடச்சுத்தான் வெச்சிருக்கேன். நடக்கத்தானே போறீங்க?"

"என் காலுக்கு எதுன்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

அக்கா முகம் மலர்ந்தாள். "அப்படிக் கேளுங்க! அந்த முப்பதுக்கும் மேல இதை எழுதிக்கோங்க. மாடியில அறுபது பேரு இதையே நம்மகிட்ட கேக்கணும். பாதிப் பேருக்குக் கேக்க வாய் வராது."

இப்படிப்பட்ட அக்காவே ஒரு முறை சறுக்கினாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை, கணக்கான மனிதர். மூன்றே அளவில், ஒரே சாம்பல் நிறத்தில், முதுகுப் பக்கம் நாடா கட்டும் அங்கிகளை வரவழைத்தார். இஸ்திரி வேண்டாம், அடையாளம் வேண்டாம், தேடல் வேண்டாம். "உங்க முதுகுவலிக்கும் ஒரு விடிவு" என்றார். அக்கா உடனே தலையாட்டினாள். அறுபது பேர் துணியை இஸ்திரி போட்டுப் பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

ஒரு வாரம் வெள்ளோட்டம். இரண்டாம் நாள் டிரைவர் ஐயா சாப்பாட்டுக் கூடத்துக்கு வர மறுத்தார். மூன்றாம் நாள் அறைக்கு வந்த தட்டையும் தள்ளிவிட்டார். தண்ணீர் மட்டும் இறங்கியது. பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் போன மனிதர். இடது கையால் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். "ஐயோ, நெஞ்சு வலி!" என்று கத்தியதும் அக்காதான். இசிஜி எடுத்தார்கள். மறுநாளும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்த டாக்டர், சாயங்காலத்துக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். அக்கா ஒரு சிவப்பு கிளிப்பை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு அவளுக்குப் பழைய துணிகளை மூட்டை கட்டும் வேலை. காப்பி நிறச் சட்டையை மடிக்கும்போது பையின் அடிப்பக்கம் விரலில் உறுத்தியது. வரிசையாகத் துளைகள். மூன்று முறை அவளே இழையோட்டி அடைத்திருந்தாள், மறுபடி விழுந்திருந்தன. சீப்பின் பல் குத்திய துளைகள். பஸ் ஓட்டிய காலத்திலிருந்து அவருடைய சட்டைப் பையில் சீப்பு இருக்கும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குத் தலை வாராமல் போனதில்லை. அங்கியில் பை ஏது?

"அட மண்டூகமே" என்று தன் தலையில் ஒரு போடு போட்டுக்கொண்டு, சட்டையைத் தோளில் எறிந்து, மேலாளர் அறைக்குப் படியேறினாள்.

"ஐயாவுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல சார். பையைத் தேடறாரு."

"எந்தப் பை?"

"சட்டைப் பை. சீப்பு வெக்கற பை."

மேலாளர் பேனாவை மூடினார். "ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் கேப்பாங்கக்கா."

"கேக்கட்டும். இவரும் அஞ்சு நாளா கேட்டாரு. வாய் வரலைன்னு கையால கேட்டாரு. நாம இசிஜி எடுத்தோம்."

"நீங்கதானே சரின்னு தலையாட்டினீங்க?"

"ஆட்டினேன், தப்புதான். என் முதுகுக்குத் தைலம் இருக்கு. அவரு முதுகு அஞ்சு நாளா திறந்து கெடக்கு. அந்த நாடாவைக் கட்டிக்கிட்டு நீங்க கூடத்துல உக்காந்து சாப்பிடுவீங்களா?"

மேலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "சரி, சட்டையைக் குடுத்துடுங்க."

"குடுக்கறது வேற, கேக்கறது வேற. நீங்களே வந்து கேளுங்க."

மேலாளர் வந்தார். மூட்டையிலிருந்து ஐயாவின் சட்டைகளில் நல்லதாக இரண்டு, ஒரு வெள்ளையும் நீலக் கட்டமும், தேடி எடுத்துக்கொண்டு கட்டிலின் முன்னால் நின்றார். "எதுங்கய்யா?" அரை நிமிடத்தில் மேலாளரின் கை இறங்கத் தொடங்கியது. அக்கா பின்னாலிருந்து முழங்கையை மெல்ல உயர்த்திவிட்டாள்.

டிரைவர் ஐயா வெள்ளையைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். தலையை அசைத்தார்.

"என்னக்கா, ரெண்டும் வேணாங்கறாரா?"

"என்னைப் பாக்காதீங்க சார், அவரைப் பாருங்க."

இடது கை அக்காவின் தோளை நோக்கி நீண்டது. "அது வெளுத்துப்போச்சே!" என்று மேலாளர் ஆரம்பித்தார்; சட்டென்று நிறுத்திக்கொண்டு, சட்டையை வாங்கி, அவருக்குப் போட்டுவிட்டார். பொத்தான்களில் இரண்டு இடம் மாறிப் போயின. ஐயா மேஜை இழுப்பறையைத் திறந்து சீப்பை எடுத்தார். தலை வாரினார். சீப்பைப் பைக்குள் விட்டு, நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் இசிஜிக்கு ஓடவில்லை. சக்கர நாற்காலியைக் காட்டிவிட்டு, சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் விரலை நீட்டினார்.

அக்கா சிவப்பு கிளிப்பைக் கழற்றினாள். அதை ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு அதே இடத்தில் மறுபடி மாட்டிக்கொண்டு, "இன்னும் அம்பத்தொம்பது பேர்கிட்ட கேக்கணும் சார்" என்றபடி, அடுத்த கட்டில்காரரின் நூல் அடையாளமுள்ள சட்டைகளைத் தேடி மூட்டையை நோக்கி நடந்தாள்.