வானம்பாடி இறங்கும் இடம்

சிதம்பரம் பக்கம் கிள்ளை ஊருக்கு மேற்கே ஆடு மேய்த்த அமிர்தத்தை எங்கள் தெருவில் எல்லாரும் கேலி செய்வோம். எந்தப் பேச்சை எடுத்தாலும் வானம்பாடியில் கொண்டுபோய் நிறுத்துவாள்.

"ஆம்பளைக்கு மூஞ்சி, வயிறெல்லாம் கருப்பு, மண்டை மட்டும் சாம்பல். பொம்பளை மண்ணு நெறம். குந்திட்டா கண்ணுக்கே தெரியாதுடி."

ஆண் பாடிக்கொண்டே மேலே ஏறும். இறக்கையை மடக்கிக் கல் மாதிரி விழும். தரைக்கு ஆளுயரம் இருக்கும்போது மறுபடி ஏறும். "சிட்டுக்குருவி அளவுகூட இல்ல, திமிரப் பாரு" என்று அவளே சிரிப்பாள்.

அவள் வீடு பள்ளத்தில் இருந்தது. 2008 மழையில் மூன்று நாள் கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தாள். தண்ணீர் நிற்காத இடத்தில் ஒரு மனை வேண்டும், அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான். அந்த இடமும் அவளுக்குத் தெரியும். அவள் ஆடு மேய்க்கும் புல்வெளியின் வடக்கு மேட்டுத் திட்டில்தான் வானம்பாடி கூடு கட்டும். தரையில் சின்னக் குழி, விளிம்பில் மண்கட்டிகள். எவ்வளவு கொட்டினாலும் அங்கே தண்ணீர் தங்காது.

அவள் தம்பி கலியமூர்த்தி மனை புரோக்கர். அந்தப் புல்வெளிக்குச் சொந்தக்காரர் சிதம்பரத்தில் இருந்தார், இவனுக்குப் பழக்கம்.

"எனக்கு ஒரு மனை பேசிக் குடுடா."

"எடத்தக் காட்டுக்கா. ஒனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?"

கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினாள். கூட்டில் இரண்டு முட்டை இருந்ததாம். அதையும் காட்டினாளாம்.

அடுத்த மாதமே திட்டு முழுக்க மனை பிரித்துக் கல் நட்டாகிவிட்டது. 'வெள்ளம் வராத மனைகள்' என்று போர்டு வேறு. மனையெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு, மூலை மனை மட்டும் கலியமூர்த்தி பெயரில். கூடப் பிறந்தவனாம்! நம்பவைத்துக் கழுத்தறுத்தவன்.

கேட்கப் போனவளிடம், "ஓனரு மொத்தமாத்தான் குடுப்பேன்னுட்டாருக்கா, நான் என்னா பண்ண? ஒனக்கு ஆடு கட்ட இப்ப இருக்குற எடம்தான் சௌரியம்" என்றான். அவள் திரும்பி வந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த மழையில் அவள் வீட்டுத் தண்ணீரை நானும் சேர்ந்து இறைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வானம்பாடி கூட்டுக்கு நேரா எறங்காதுடி. யாராச்சும் பாப்பாங்கன்னு தள்ளி எங்கியோ எறங்கி, புல்லுக்குள்ளயே நடந்து போவும். பதினஞ்சு வருசமாப் பாக்குறேன். நான்தான் அவனைக் கையப் புடிச்சி, நேரா கூட்டுக்கே இட்டுக்கினு போனேன்."