கார் இல்லாதவர் கேட்ட இடம்

எங்கள் தெருவில் பல்கலைக்கழகத்தைத் திட்டாத ஒரே ஆள் நான்தான். ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு மாணவர்களைத் திட்டினால் உருப்பட்ட மாதிரிதான். எனக்கும் சேர்த்து எதிர்வீட்டு லிஃப்ட்காரர் திட்டிவிடுவார்.

அவர் லிஃப்ட் ஓட்டியவர் இல்லை, பழுது பார்த்தவர். கட்டட உச்சிகளில் இருக்கும் மோட்டார் அறைகளிலேயே பாதி ஆயுசைக் கழித்ததில் காது மந்தம், குரல் உரம். சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிறார் என்று தோன்றும். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், அதனால் அவர் குடும்ப விஷயம் எதுவும் எனக்கு ரகசியம் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், ஊரின் மறுகோடியில் மனைவி மகளோடு இருக்கிறான். வீட்டு முன்னறையில் ஒரு கட்டில், ஒரு டிவி, பேத்திக்கு வாங்கி இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மூன்று சக்கர சைக்கிள். அவ்வளவுதான்.

தெருக்கோடியில் இருந்த மைதானத்தைப் பல்கலைக்கழகம் வாங்கி ஒன்பது மாடி எழுப்பியது. ஒன்பது மாடிக்கும் லிஃப்ட் வைத்த மகானுபாவர்கள் கார் நிறுத்த இடம் வைக்க மறந்துவிட்டார்கள். வகுப்பு தொடங்குவதற்குள் தெருவின் இரண்டு ஓரமும் அடைத்துக்கொள்ளும். நடுவில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு நாளில்தான் மகன் குடும்பத்தோடு வந்தான். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலிருந்தே கேட்டில் நின்றார். கார் வந்தது, நிற்க இடமில்லாமல் தாண்டிப் போனது. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தது. பின் கண்ணாடி வழியாகப் பேத்தி கையாட்டினாள், இவரும் ஆட்டினார். அதற்குப் பிறகு கார் வரவில்லை, போன்தான் வந்தது.

"அப்பா, எங்கயும் எடமே இல்லப்பா. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சே உயிரை வாங்கறான். இன்னொரு நாள் வரோம்."

"சரிப்பா, பாத்துப் போ."

மறுநாள் தன் வீட்டு வாசலில், தெருவோரமாக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். கார் நிறுத்த வருபவர்களிடம், "என் பையன் வருவான், வேற எடம் பாரு" என்பார். பகல் முழுக்க இதே வேலை. சாப்பிட உள்ளே போனால் நாற்காலியைக் கம்பியால் கேட்டோடு கட்டிவிட்டுப் போவார். மாணவர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

ஒவ்வொரு வாரமும் மகன் கூப்பிடுவான். "என்னப்பா, எடம் கெடைக்குதா?" என்று ஆரம்பிப்பான். இவர் பல்கலைக்கழகத்தைக் கிழிப்பார், அவன் கூடச் சேர்ந்து கிழிப்பான். அந்த அரைமணி நேரம் அந்த வீட்டில் இரண்டு பேர் இருப்பது போலக் கேட்கும்.

இன்னொரு கட்டடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் தெருவே கொதித்தது. பல்கலைக்கழகம் தன் அரங்கத்திலேயே கூட்டம் போட்டது. திட்ட அதிகாரி திரையில் பச்சைப் பசேலென்று மரங்களைக் காட்டினார். தெருக்காரர்கள் தூசி, தண்ணீர், சத்தம் என்று ஆளுக்கொரு குறை சொன்னார்கள். லிஃப்ட்காரர் எழுந்தார்.

"எனக்கு ஒரு கார் நிக்க எடம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

"உங்ககிட்ட கார் இருக்கா சார்?"

"இல்ல."

அரங்கமே சிரித்தது. அவர் உட்காரவில்லை. பதில் சொல்லும்வரை நகரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பிடிவாதத்துக்குப் பயந்தோ என்னவோ, புதுக் கட்டடத்தில் தரைக்குக் கீழே பார்க்கிங், தெருவில் வீட்டுக்கு ஓர் இடம் என்று முடிவாயிற்று. சில மாதங்களில் அவர் வாசலில் வெள்ளைக் கோடு போட்டு, வீட்டு எண்ணையும் எழுதிவிட்டுப் போனார்கள். அன்று அவர் போனில் கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"எடம் வந்தாச்சுப்பா! நம்ம நம்பரே எழுதியிருக்கான்! எப்ப வேணா வா!"

மகன் குரல் சுருதி இறங்கியது.

"நல்லதுப்பா. பாக்கறேன்."

அதன் பிறகு ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் குழந்தைக்குச் சளி, ஒரு வாரம் மழை. மழை இங்கே பெய்யவில்லை. அரைமணிப் பேச்சு சுருங்கிச் சுருங்கி "சாப்டியாப்பா", "சாப்ட்டேன்", "சரி வெச்சிடறேன்" என்று ஆனது. பிறகு வாராவாரம் வந்த போனும் நின்றது. எனக்கு அந்தப் பையன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பெரியவரோ காலையில் கோட்டுக்குள் விழுந்த சருகைக் கூட்டுவார், நாற்காலியில் உட்காருவார். புதுக் கட்டடத்துப் பார்க்கிங்கும் நிறைந்து மாணவர்கள் மறுபடி காரோடு தெருவைச் சுற்ற ஆரம்பித்தபோதும் அந்த ஓர் இடம் மட்டும் காலியாகவே கிடந்தது.

போன வாரம் அவருக்கு டீ கொண்டுபோன நேரத்தில் போன் அடித்தது. மகன்தான்.

"அப்பா... இந்த மாசம் வரலாம்னுதான் இருந்தேன்..." திணறினான்.

பெரியவர் காலடியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தார்.

"நீ எங்கப்பா வருவ? மறுபடி தெருவ அடைச்சிட்டானுங்க. கோடாவது ஒண்ணாவது, எவன் மதிக்கறான்? கார் நிறுத்த எடமே இல்ல."

"அப்படியா!" பையனுக்கு உயிர் வந்தது. "அநியாயம்ப்பா! இவனுங்கள கேக்க ஆளே இல்லையா?"

"எங்க கேக்கறது!"

இருவரும் சேர்ந்து பல்கலைக்கழகத்தைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். டீ ஆறிப்போனது. பேசி முடித்ததும் அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக் கேட்டுக்குள் வைத்தார். இடம் தேடி ஊர்ந்துகொண்டிருந்த ஒரு காரைக் கைகாட்டி அழைத்தார். "வாம்மா, இங்க போடு." ஓட்டி வந்த பெண்ணால் நம்ப முடியவில்லை. கோட்டுக்குள் காரை நிறுத்திவிட்டு, நன்றி சொல்லி வகுப்புக்கு ஓடினாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். எப்போதும் கத்துகிறவர் மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எடம் இல்லதானே?"

"இல்ல சார்" என்றேன்.