முடிவை முதலில் சொல்லிவிடும் ஸ்டெல்லா அக்கா

இந்த நடுராத்திரியில் உங்கள் கைப்பேசிகளை ஒலிக்க வைப்பதற்கு மன்னியுங்கள். பாப்பாவுக்குச் சாயங்காலத்திலிருந்து உடம்பு சுடுகிறது. மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறேன். என் கணவருக்கு இந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் இரவு வேலை. கண்ணை மூடவே பயமாக இருக்கிறது. அதனால்தான் நம் ஸ்டெல்லா அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. புதுப் படம் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்னக்கா, பாக்கலாமா, வேணாமா?" என்று கேட்டேன். பேசியது அவர் கணவர். "தங்கச்சி, ஜித்ராவுல அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. நெஞ்சு வலின்னாளாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள போயிட்டாம்மா."

நம் ஊர் பாக்கார் ஆராங்கில் நாம் சில பெண்கள் சேர்ந்து படம் பார்க்கத் தொடங்கியதே அவரால்தான். பள்ளிக்கூட கேன்டீன் வேலையை முடித்துவிட்டு, எந்தப் படமானாலும் வெளியான அன்றே பார்த்துவிடுவார். உடனே நம் வாட்ஸ்அப் குழுவில் அவர் குரல் பதிவு வரும். எல்லாரும் உருகிய ஒரு குடும்பப் படத்துக்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "படம் முழுக்க அந்த அம்மா அழுவுறா. ஒரு தடவையாச்சும் சாப்ட்டாளா?"

எனக்கு மட்டும் தனியாக இன்னொரு பதிவு வரும். அதில் படத்தின் முடிவு இருக்கும். பாப்பா பிறந்த பிறகு, திரையில் ஒரு குழந்தை தனியாக வாசல் பக்கம் நடந்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். "புள்ள காணாம போவும், கடைசியில வந்துரும். உக்காந்து பாரு" என்பார்.

ஒருநாள் எனக்கு அனுப்ப வேண்டிய பதிவைத் தவறிக் குழுவுக்கே அனுப்பிவிட்டார். நாம் எல்லாரும் ஒரே காடியில் நெருக்கியடித்து உட்கார்ந்து தியேட்டருக்குப் போய்க்கொண்டிருந்தோம். "தங்கச்சி, கொலைகாரன் அந்த மாமனாருதான். பயப்படாம பாரு." காடிக்குள் ஒரே கூச்சல். "டிக்கெட் வாங்கியாச்சுக்கா! நல்லா இருப்பீங்களா?" என்று யாரோ குழுவிலேயே கத்திப் பதிவு போட, அவர் அசரவில்லை. "இப்ப என்ன? அவன் எப்படிப் பொய் சொல்றான்னு மூஞ்சியப் பாருங்க. முடிவு தெரிஞ்சதும் செத்துப்போற படம் ஒரு படமாலா?" அன்று அந்த மாமனார் சிரித்தபோதெல்லாம் நமக்கு உடம்பு சிலிர்த்ததே, நினைவிருக்கிறதா?

பாப்பாவுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்த மத்தியானத்தை உங்களில் பலரிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அழைத்ததும் அக்கா கேன்டீன் ஏப்ரனோடு தன் காடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்சீட்டில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் அலறினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "மொதல்ல முடிவச் சொல்லிடறேன், கேட்டுக்க. புள்ள நல்லாருக்கும். நடுவுல என்ன வந்தாலும் இத மறக்காத." ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அதையே சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை கண் விழித்த பிறகு, "எப்படிக்கா அவ்வளோ உறுதியா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்? ஸ்டீரிங்கப் புடிக்க முடியல, கை அப்படி ஆடுது. ஒனக்குச் சொன்னா எனக்கும் கேக்கும்லா."

அக்காவின் அந்தப் பதிவுகளைவிட, அந்த ஆடிய கைகள்தாம் இப்போது என்னிடம் இருக்கின்றன. அவ்வளவு பயத்தோடும் அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நானும் அப்படித்தான் இருக்கப் பார்க்கிறேன். ஈரத்துணியை மாற்றுகிறேன், மறுபடி தொட்டுப் பார்க்கிறேன்.

காய்ச்சல் ஏறினால் வலிப்பு திரும்பவும் வரலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸ் எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனாலும் தெரிந்த ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும். கூப்பிட்டால் காடியை எடுத்துக்கொண்டு வரக்கூடியவர் யாராவது விழித்திருந்தால், தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.