உப்புவெளிக் கரைவலை: கயிறு பிடித்திருப்பவரோடு கதைக்காதீர்கள்

இரண்டு வருடங்களாக வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். எழுதிவிடுகிறேன். திருகோணமலைக்குப் போக நினைப்பவர்களுக்குத் தேவையான விபரங்களும் இதில் இருக்கும்.

நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினேழு வருடங்களாக வேலை செய்பவன். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லோரும் மேலே போய்விட்டார்கள். எங்கள் துறையில் நிரல் எழுதத் தெரிந்தவனைவிட, எழுதியதைக் கதையாகச் சொல்லத் தெரிந்தவனுக்கே பெரிய கதிரை கிடைக்கும். எங்கள் குழுத் தலைவர் அதில் சூரர். இரண்டு வருடங்களுக்கு முன், நாங்கள் செய்துகொடுத்த பஸ் ஆசனப் பதிவுச் செயலி நான்கு மணிநேரம் படுத்துவிட்டது. அதை எழுப்பியவன் நான். மறுநாள் கூட்டத்தில் தலைவர் சொன்ன கதை வேறு: ஷர்மிளா என்ற இளம் பொறியியலாளர் அவசரப்பட்டுப் புதிய பதிப்பை ஏற்றிவிட்டாராம், தலைவர் நிதானமாக நின்று மீட்டாராம். என் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடந்த மே மாதம், ஷர்மிளாவின் பதவி உயர்வுக்கு என் மதிப்பீட்டைக் கேட்டார்கள். ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். அவருடைய கோப்பில் இருந்த ஒரே கறை அந்த நான்கு மணிநேரம்தான். இம்முறையும் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடப்போவதாகச் சொல்லியிருந்தார். படிவத்தைத் திறக்க மனமில்லாமல், வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஏசி பஸ் 2,200 ரூபா. காலை 6.30க்குப் புறப்பட்டு, பிற்பகல் 2.10க்குத் திருகோணமலையில் இறங்கினேன். அங்கிருந்து உப்புவெளிக்கு ஓட்டோ 600 ரூபா. ஓட்டுநர் நியாஸ், கிண்ணியாக்காரர். கேட்காமலே வண்டியைத் துறைமுகப் பக்கமாக விட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார். மலைகள் சுற்றி நின்று கடலை உள்ளங்கையில் ஏந்தியிருப்பது போலிருந்தது. பெரிய சரக்குக் கப்பலொன்று அதில் தீப்பெட்டி அளவில் கிடந்தது. நான் இறங்கிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"கப்பல் எங்கயும் போகாது சேர், ஏறுங்க," என்றார் நியாஸ். "நாளைக்கு விடிய ஆறு மணிக்குக் கரைவலை பாருங்க. ஆனா சும்மா நிக்க விடமாட்டாங்க, இழுக்கச் சொல்லுவாங்க."

அப்படியே நடந்தது. கடற்கரையிலிருந்து முந்நூறு மீற்றர் தூரத்தில், 6,000 ரூபா அறையில் தங்கியிருந்தேன். சனிக்கிழமை 6.10க்குக் கரையில் நின்றேன். படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்திருந்தது. வலையின் இரு முனைக் கயிறுகளையும், முந்நூறு மீற்றர் இடைவெளியில், பக்கத்துக்குப் பதினைந்து பேர் பிடித்திருந்தார்கள். வலை கண்ணுக்குத் தெரியவில்லை. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கடலில் ஒரு தலை மட்டும் மிதந்தது. அதுதான் தேவன், வலையை நடத்துபவர், நாற்பது வயதிருக்கும். அவர் கையை உயர்த்தினால் முப்பது பேரும் ஒரே கணத்தில் நின்றார்கள். இறக்கினால் இழுத்தார்கள். ஒரு சத்தமில்லை. பதினேழு வருடங்களில் நான் இருந்த எந்தக் கூட்டமும் இப்படி ஒருவரை நம்பி நின்றதில்லை.

"கையைக் கட்டிக்கொண்டு நிக்காம கயித்தைப் பிடியுங்கோ ஐயா," என்று இடதுபக்கக் கடைசி ஆள் கூப்பிட்டார். பெயர் ரவி. அவருக்குப் பின்னால் நின்று பிடித்தேன். வியப்பில் வாய் ஓயவில்லை. வலை எவ்வளவு நீளம், எந்த மீன் படும், சம்பளம் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னார். அந்த நேரத்தில்தான் தேவன் கையை உயர்த்தியிருக்கிறார். வலதுபக்கம் நின்றது, எங்கள் பக்கம் ரவி இன்னும் இழுத்தார், கயிறு அசைந்ததும் கை இறங்கிவிட்டதென்று நினைத்து முன்னால் நின்றவர்களும் இழுத்தார்கள். வலையின் அடி கிளம்பியது. நீருக்கடியில் ஒரு வெள்ளி நிழல் கடலுக்குத் திரும்பி ஓடியதைக் கண்ணால் கண்டேன். பாதி மீன் போய்விட்டது.

வலை கரையேறியதும் எல்லோரும் மணலில் அமர்ந்து பிளேன்ரீ குடித்தார்கள். இப்போது ஒருவர் கிழிபடப் போகிறார் என்று காத்திருந்தேன். தேவன் தலையைத் துவட்டியபடி கேட்டார்: "சரி, ஆர் முதல்ல சொல்றது?"

"நான்தான்," என்றார் ரவி. "கை காட்டினதைக் காணேல்ல. அங்கால பாத்துக்கொண்டு நிண்டனான்."

"பிறகு?"

"பிறகென்ன, மீன் உன்னைக் கும்பிட்டுட்டுப் போட்டுது."

சிரித்தார்கள். பிழை விட்டவர் முதலில் சொல்வதுதான் அவர்கள் வழக்கமாம். சொன்ன பிறகு ஒருவரும் அதைக் கிளறுவதில்லையாம். ரவி என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பெயரை விட்டுவிட்டார், என்னைக் காப்பாற்றுவதற்காக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பும் இப்படித்தான் இருந்தேன். செயலியைப் படுக்கவைத்த அந்த நிரல் நான் எழுதியது. சோதிக்காமலே "சரி, ஏற்றுங்கள்" என்று ஷர்மிளாவிடம் சொன்னதும் நான். தலைவரின் கதையில் என் பெயர் இல்லை என்று கறுவிக்கொண்டே, அதே இல்லாமைக்குப் பின்னால் ஒளிந்திருந்தேன்.

"நான் கதை குடுத்ததாலதான் அவர் திரும்பினவர்," என்றேன்.

"ஓம், கண்டனான்," என்றார் தேவன். "நாளைக்கு வாங்கோ. வாயைக் கட்டிப்போட்டு வாங்கோ."

காலை பத்தரைக்கு அறையில் படிவத்தை நிரப்பினேன். அந்தக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் நடந்ததை எழுதி, என் பெயரிட்டு அனுப்பினேன். தலைவரிடமிருந்து பதில் இல்லை. ஷர்மிளாவிடமிருந்து ஒரு வரி: "பார்த்தேன் அண்ணா. இரண்டு வருசம்." பதவி உயர்வு முடிவும் இன்னும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: கிழக்கில் கடல் அமைதியாக இருக்கும் மே, ஜூன் நல்லது. ஆறு மணிக்குள் கரைக்குப் போய்விடுங்கள். கயிறு உள்ளங்கையை உரித்துவிடும், பழந்துணி கொண்டுபோங்கள். இழுக்கக் கூப்பிட்டால் இழுங்கள், ஆனால் கண்ணைக் கடலில் வையுங்கள்.

இதைப் பெயரில்லாமல்தான் பதிவிடுகிறேன். என் பெயர் போகவேண்டிய கடிதத்தில் போய்விட்டது. இங்கேயும் போட்டால், நேர்மையான மனிதர் என்று நீங்கள் கைதட்டிவிடுவீர்கள்.