ஏழு படங்களில் ஒரு சுவர்

அறுபதுகளில் நானும் தாராவிக் கூட்டாளி ஒருவனும் பம்பாய் மாட்டுங்காவில் போட்டோ ஸ்டூடியோ நடத்தினோம். ஒரு கலைக்கூடத்தின் சுவரோவியத்தை முழு நீளத்துக்கும் ஒரே படமாக்கித் தரும் வேலை வந்தது. அவ்வளவு நீளம் எங்கள் லென்சில் அடங்காது. காமிராவை நகர்த்தி நகர்த்தி ஏழு படங்கள் எடுத்து, ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்ட வேண்டும். சனிக்கிழமை நான்கு எடுத்தோம். மழை இருட்டிவிட்டதால் மீதியைத் திங்களன்று எடுத்தோம்.

நான்காவதும் ஐந்தாவதும் ஒட்டவில்லை. இரண்டின் ஓரத்திலும் அதே வெள்ளைக் குதிரைதான். சனிக்கிழமைக் குதிரைக்குக் கீழிருந்து முழங்கால் வரை ஒரு கோடு. திங்கட்கிழமைக் குதிரைக்கு வயிறு வரை.

"நெகட்டிவைக் கீறித் தொலைச்சுட்டியேடா!" என்று கத்தினேன்.

"நான் எதுக்குல கீறுதேன்? சுவருல்லா விரியுது" என்றான் அவன்.

கலைக்கூட அதிகாரியும் தமிழர். ஓடிப்போய்ச் சொன்னேன். "கல்யாணப் படத்துல அம்மைத் தழும்பையே அழிக்கிறீங்க. இந்தக் கோட்டை அழிக்கத் தெரியாதா?" என்றார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தூரிகையை எடுத்துத் தடமே தெரியாமல் அழித்தேன்.

படத்தை வாங்கியதும் அவர் ஒரு பிரதியைக் கோப்பில் வைத்துக் கட்டினார். சுவர் நன்றாக இருப்பதற்கு மேலிடத்துக்கு அதுதான் சாட்சியாம்.

திரும்பும் வழியில் குதிரையைப் பார்த்தேன். கோடு கழுத்தைத் தாண்டியிருந்தது. மழைக்கு ஒதுங்கிய பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்து, வரிசையாக உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.