மெழுகு பூசாத தையல்

லாரிக்காரர்களுக்கு அவள் தார்ப்பாய் அக்கா. லாரி நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, கனமான தையல் மெஷின், அதைவிடச் சத்தமான வாய். எந்தக் கிழிசலையும் ஒட்டுப்போட்டுவிடுவாள். தைத்ததும் தையல்மேல் மெழுகைத் தேய்த்து, ஊசி போன துளைகளை அடைப்பாள். பிறகு பாயை வெயிலில் தூக்கிக் கட்டச் சொல்லி, அடியில் புகுந்து அண்ணாந்து பார்ப்பாள். பொட்டு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி மெழுகுதான். இவ்வளவு கறாரானவள், சொந்தப் புருஷனின் பாயில் கோட்டை விட்டாள்.

காரணம் சண்டை. புருஷனும் லாரி ஓட்டுநர்தான். அவள் புதுப்பாய் தைத்துக் கொடுத்த பிறகும் நரைத்துப்போன கித்தான் பாயைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"உங்களுக்கும் அதுக்கும் ஒரே வயசு. ரெண்டுல ஒண்ணுதான் இங்க இருக்கணும்," என்றாள்.

"சரி, தூக்கிப் போட்டுடறேன்," என்று தலையாட்டிவிட்டு, காகித உருளைகள் ஏற்றக் கிளம்பிவிட்டார். போன மாதம் கயிறு தளர்ந்து பாய் விலகியதில் ஒரு லோடு நனைந்திருந்தது. இன்னொரு தடவை நனைந்தால் வேலை கிடையாது என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மறுநாள் மதியம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மெஷினைத் துடைக்கப் போனவள் கண்ணில், அவர் பாய்க்கென்று எடுத்துவைத்த மெழுகுக்கட்டி பட்டது. உறைகூடப் பிரிக்கவில்லை. திட்டுகிற மும்முரத்தில், புதுப்பாயின் நடுத்தையலுக்கு மெழுகும் பூசவில்லை, வெயிலில் தூக்கிப் பார்க்கவும் இல்லை! போன் போட்டாள், கிடைக்கவில்லை. தன் பாழாய்ப்போன வாயைத் தானே திட்டித் தீர்த்தாள்.

சாயங்காலம் லாரி வந்து நின்றதும் ஓடினாள். "லோடு என்னாச்சுங்க?"

"பத்திரமா இறக்கியாச்சு. புதுப்பாய்தான் நடுவுல ஒழுகிடுச்சு."

"அப்புறம் எப்படி நனையல?"

அவர் தலையைச் சொறிந்தார். "திட்டலைன்னா சொல்றேன். பழசைத் தூக்கிப் போட மனசு வரல. கேபின் மேல கயித்துக்கு அடியில ஒளிச்சு வெச்சிருந்தேன். அதை முதல்ல விரிச்சு, மேல புதுசைப் போட்டேன். ஒழுகினதை எல்லாம் அது தாங்கிடுச்சு."

போன உயிர் திரும்பி வந்தது. படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள். "நான்தாங்க மெழுகு பூச மறந்தேன்."

"அப்ப எனக்குத் திட்டு கிடையாதா?" என்றார் அவர், நம்பாமல்.

கித்தானை ஈரத்தோடு மடித்தால் இற்றுப்போகும். மற்றவர்களின் பாய்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, கொட்டகை முழுக்க அந்தப் பழசை விரித்தாள்.

"காஞ்சதும் தூக்கிப் போட்டுடவா?"

"தொட்டுப் பாருங்க, தெரியும் சேதி!" என்றாள்.