நடந்தால்தான் வரும் கொன்செர்ட்டோ

நான் போகும் ஸ்பிரிங்வெளி பஸ் தேயிலை மலை வளைவில் நின்றுவிடுகிறது. முன்னால் ஒரு பேண்டுக் குழு பாதையை அடைத்துக்கொண்டு நடக்கிறது. கிளாரினெட், டிரம்பெட், கடைசியில் பெரிய டிரம். எல்லோருக்கும் முன்னால் சேலையும் ஸ்வெட்டருமாக ஒரு பெண், வயலின் வாசித்தபடியே மேடு ஏறுகிறார்.

மேட்டு முனையில் குழு ஓரமாக ஒதுங்கி, ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றுகிறது. நானும் இறங்கிப் போய் விசாரிக்கிறேன். அவர் பதுளையில் சங்கீத டீச்சராம். வாசித்தது ஒரு மேல்நாட்டு வயலின் கொன்செர்ட்டோ, ஒற்றை வயலின் முன்னே போக மற்ற வாத்தியங்கள் துணைக்கு வரும் இசை. அதற்குத் துணையாக வாசிக்க ஒரு வயலின் கூட்டமே வேண்டும். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பதோ ஊதுகிற பேண்டு. அதனால் அத்தனையையும் கிளாரினெட்டுக்கும் டிரம்பெட்டுக்கும் மாற்றி எழுதியிருக்கிறார்.

“அதுக்கு ஏன் டீச்சர் நடக்கணும்?”

“இவங்க ஊர்வலத்துல வாசிச்சே பழகுனவங்க. நாற்காலியில உக்கார வச்சா ஆளுக்கொரு தாளத்துல போறாங்க. மூணு மாசம் சண்டை போட்டுப் பாத்தேன். அப்புறம் நானும் நடக்க ஆரம்பிச்சிட்டேங்க.”

நாளைக்குப் பதுளையில் கச்சேரி. மேடை சின்னது.

“அங்க என்ன செய்வீங்க?”

“நின்ன எடத்துலயே காலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கேன். என்னைப் பத்திக் கவலையில்ல, நான் நின்னு வாசிச்சே படிச்சவ.”

வயலின் மட்டும் தனியாக ஒலிக்கும் இடத்தை வாசித்துக் காட்டச் சொல்கிறேன். டீச்சர் கண்ணை மூடி வில்லை எடுக்கிறார். பேண்டுக்காரர்கள் அசையாமல் தேநீர் குடிக்கிறார்கள். டீச்சர் மட்டும் அடுத்த வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்.